போனும் நெட்டும் ஒரே கம்பியில்: கணக்குப் போட்டுக் கொடுத்த ஆலிவர் ஹெவிசைட் யார்?

ஃபைபர் வருவதற்கு முன்பு வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியவர்களுக்கு அந்தக் குட்டிப் பெட்டி நினைவிருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அதில் மூன்று ஓட்டைகள். லைன், போன், மோடம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். பெட்டியின் பெயர் ஸ்ப்ளிட்டர்.

சுவரிலிருந்து வரும் டெலிபோன் ஒயரை லைன் ஓட்டையில் செருகணும். போனுக்கு ஒரு ஒயர், மோடத்துக்கு ஒரு ஒயர். மோடத்திலிருந்து கம்ப்யூட்டரின் லேன் கார்டுக்கு இன்னொரு கேபிள். பிறகு பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்து, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கணும். மோடத்தில் சிமிட்டிக்கொண்டே இருக்கும் டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்தால், லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடந்த வேலை இது.

அதற்கு முந்தைய டயல்-அப் காலத்தில் நெட் ஓடும்போது போன் பேச முடியாது. டிஎஸ்எல்லில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. புதிதாகக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பேச்சை மட்டுமே சுமந்த அதே இரட்டைச் செம்புக் கம்பிதான். அப்படியானால் அந்தக் கம்பிக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்கான கணக்கைப் போட்டவர் ஆலிவர் ஹெவிசைட். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்குப் பெயர் கேட்டதுபோல இருக்கும். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் பாடத்தில் பூஜ்யத்திலிருந்து சட்டென்று ஒன்றுக்குத் தாவும் யூனிட் ஸ்டெப் ஃபங்ஷன் இவர் பெயரில்தான் இருக்கிறது. மேட்லாபில் அதற்கான கட்டளையின் பெயரே ஹெவிசைட். அந்த மனிதர் 24 வயதில் வேலையை விட்டவர், அதன்பிறகு சாகும்வரை எந்த வேலைக்கும் போகாதவர் என்பது பாடப்புத்தகத்தில் வராது.

கேம்டன் டவுன் பையன்

1850 மே 18-ல் லண்டனின் கேம்டன் டவுனில் பிறந்தார். அப்பா தாமஸ், மரத்தில் படம் செதுக்கி அச்சுக்குக் கொடுக்கும் கலைஞர். வருமானம் குறைவு. சின்ன வயதிலேயே ஆலிவருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து காது மந்தமாகிவிட்டது. தெருப் பிள்ளைகளோடு ஒட்ட முடியவில்லை. வளர்ந்தபின் கேட்கும் திறன் பெருமளவு திரும்பியது. ஆனால் தனியாக இருக்கும் பழக்கம் போகவில்லை.

இந்த ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெரிய உறவு இருந்தது. அம்மாவுடன் பிறந்தவரை மணந்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். ஆமாம், பிளஸ் டூ ஆய்வகத்தில் எல்லோரும் செய்யும் சமனச்சுற்றுக்குப் பெயர் கொடுத்த அதே வீட்ஸ்டன்தான். இங்கிலாந்தில் தந்தியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பள்ளியில் நன்றாகப் படித்தும் 16 வயதோடு படிப்பை நிறுத்த வேண்டியிருந்த ஹெவிசைட்டைத் தந்திப் பக்கம் திருப்பிவிட்டது இந்த உறவு. கல்லூரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

1868-ல் டென்மார்க்கின் ஃபிரெடரிசியா நகரில் தந்தி ஆபரேட்டர் வேலை. அங்கிருந்து கடலுக்கடியில் இங்கிலாந்தின் நியூகாஸில் வரை கேபிள் போனது. சில ஆண்டுகளில் நியூகாஸில் பக்கமே வந்து சேர்ந்தார். அந்தக் கேபிளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு திசையில் செய்தி வேகமாகப் போகும், எதிர்த்திசையில் மெதுவாகத்தான் வரும். ஒரே கேபிள், ஒரே நீளம், பிறகு ஏன் இப்படி? மற்ற ஆபரேட்டர்கள் இதை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஹெவிசைட்டால் விட முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டு அறையில்

1873-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் மின்சாரம், காந்தம் பற்றி எழுதிய பெரிய நூல் வெளிவந்தது. ஹெவிசைட் அதைப் புரட்டினார். புரியவில்லை. அதற்குத் தேவையான கணிதமே அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு, 24 வயதில், சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு லண்டனில் அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பினார் மனுஷன். பத்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டு அறையில் உட்கார்ந்து தானாகவே கணிதம் படித்தார்.

வெளியே வந்தது என்ன தெரியுமா? மேக்ஸ்வெல்லின் 20 சமன்பாடுகளை இவர் நான்காகச் சுருக்கினார். இன்று உலகெங்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று பாடம் நடத்தப்படுபவை ஹெவிசைட் எழுதிய வடிவில் உள்ளவைதான். இன்டக்டன்ஸ், இம்பீடன்ஸ் ஆகிய சொற்களையும் 1886-ல் அவரே உருவாக்கினார். மோடம் வாங்கினால் கையேட்டில் இம்பீடன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அது இவர் வைத்த பெயர். 1880-ல் கோ-ஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமையும் எடுத்தார். கேபிள் டிவிக்காரர் வீட்டுக்கு இழுத்துவரும் கறுப்பு ஒயரின் மூதாதை அது.

இவ்வளவையும் எழுதியது தி எலக்ட்ரீஷியன் என்ற வணிக இதழில். அதற்குக் கிடைத்த பணம் ஆண்டுக்கு சுமார் 40 பவுண்டு. அவருக்கு இருந்த நிலையான வருமானம் அதுதான்.

குரல் ஏன் குழைகிறது?

அன்றைய பெரிய தலைவலி தொலைவு. பக்கத்து ஊருக்குப் பேசினால் கேட்கும். கேபிள் நீள நீள, குரல் குறைவதோடு குழைந்தும் போகும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

காரணம் இதுதான். நம் குரல் ஒற்றை அலை கிடையாது. ‘ஆ’ போன்ற ஒலிகளில் தாழ்ந்த அதிர்வெண்கள் அதிகம், ‘ஸ்’, ‘ஷ்’ போன்றவற்றில் உயர்ந்தவை அதிகம். நீளமான கேபிளில் இவை ஒரே வேகத்தில் போவதில்லை. உயர்ந்தவை முந்துகின்றன, ஆனால் வழியிலேயே அதிகம் தேய்ந்துவிடுகின்றன. தாழ்ந்தவை பின்னால் வருகின்றன, தெம்போடு வருகின்றன. ஒன்றாகக் கிளம்பிய கூட்டம் ஆளுக்கொரு நேரத்தில், பாதிப்பேர் காணாமல் போய், ஊர் வந்து சேர்வதுபோல.

அதுவரை எல்லோரும் நம்பியிருந்தது வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1850-களில் கடல் கேபிளுக்குப் போட்ட கணக்கை. அதில் இரண்டு விஷயங்கள்தான் உண்டு. கம்பியின் மின்தடை ஒன்று, மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கெபாசிட்டன்ஸ் இன்னொன்று. மெதுவாக அடிக்கும் தந்திக்கு அது போதும். டெலிபோனுக்குப் போதாது.

ஹெவிசைட் மேலும் இரண்டைச் சேர்த்தார். ஒன்று இன்டக்டன்ஸ். மின்னோட்டம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் குணம் அது. ஓடும் மாட்டுவண்டியைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, நிற்கும் வண்டியைச் சட்டென்று கிளப்பவும் முடியாது இல்லையா, அதுபோல. இன்னொன்று இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏற்படும் கசிவு. நான்கையும் வைத்து அவர் எழுதியதுதான் இன்றும் பாடத்தில் இருக்கும் டெலிகிராஃபர் சமன்பாடு.

1887-ல் அதிலிருந்து ஓர் அதிசயமான முடிவு வந்தது. தடைக்கும் இன்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதமும், கசிவுக்கும் கெபாசிட்டன்ஸுக்கும் உள்ள விகிதமும் சமமாகிவிட்டால் குழைவே இருக்காது. எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில், ஒரே அளவு தேய்ந்து போய்ச் சேரும். குரல் குறையலாம், உருமாறாது.

நடைமுறைக் கம்பிகளில் முதல் விகிதம் ரொம்பப் பெரிசு. அதைக் குறைக்கத் தடையைக் குறைக்கலாம். அதற்குத் தடிமனான செம்பு வேண்டும், செலவு கட்டுப்படியாகாது. கசிவைக் கூட்டி இரண்டாவது விகிதத்தை ஏற்றலாம், ஆனால் சத்தம் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே வழி: இன்டக்டன்ஸைக் கூட்டுவது. வழிநெடுக ஆங்காங்கே சுருள்களைப் போட்டால்கூட நடக்கும் என்றார்.

தபால் துறை போட்ட முட்டுக்கட்டை

இங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. அன்று பிரிட்டனில் தந்தி அரசு அஞ்சல் துறையின் கையில் இருந்தது. அங்கே மின்பிரிவின் மூத்த அதிகாரி வில்லியம் பிரீஸ். களத்தில் கையைக் கறையாக்கி வளர்ந்தவர், கணிதக்காரர்கள் என்றாலே இளக்காரம். சும்மா சொல்லக்கூடாது, திறமையற்றவர் அல்ல. பின்னாளில் லண்டனுக்கு வந்த இளம் மார்க்கோனிக்கு முதலில் கைகொடுத்தவரும் இவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் தவறான பக்கம் நின்றார். இன்டக்டன்ஸ் என்பது லைனுக்குப் பகை, அதை ஒழித்தால்தான் பேச்சு தெளிவாகும் என்பது அவர் முடிவு. பழைய தாம்சன் கணக்கையே டெலிபோனுக்கும் போட்டு, இவ்வளவு தூரத்துக்கு மேல் பேச முடியாது என்று எல்லையும் வரைந்துவிட்டார்.

ஹெவிசைட்டின் அண்ணன் ஆர்தர் அதே அஞ்சல் துறையில் இன்ஜினீயர். 1887-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து டெலிபோன் இணைப்புகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்டக்டன்ஸைக் கூட்டினால் நல்லது என்பதும் அதில் இருந்தது. அரசு ஊழியர் என்பதால் ஆர்தர் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். மேலிடம் என்றால் பிரீஸ். அனுமதி கிடைக்கவில்லை.

ஆர்தர் அடங்கிப்போனார், அவருக்குக் காப்பாற்ற வேலை இருந்தது. ஆலிவருக்கு இழக்க எதுவும் இல்லை. தி எலக்ட்ரீஷியனில் கிண்டலும் கணிதமுமாக எழுதினார். பிரீஸைப் பெயர் சொல்லாமல் குத்துவதில் அவருக்கு அலாதி சுகம். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இடம் கொடுத்துவந்த ஆசிரியர் பிக்ஸ் பதவியிலிருந்து போனார். புதிதாக வந்தவர், வாசகர்கள் யாரும் இதைப் படிப்பதில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார். மனுஷனுக்கு இருந்த முக்கியமான மேடை போயிற்று.

திருப்பம் வந்தது 1889 ஜனவரியில். மின் பொறியாளர்கள் சங்கத்தின் தலைவராகப் பேசிய அதே வில்லியம் தாம்சன், ஹெவிசைட்டின் வேலையைப் பொதுமேடையில் பாராட்டினார். தன்னுடைய பழைய கணக்கைத் தாண்டிப்போனவரை அவரே அங்கீகரித்தது பெரிய விஷயம். 1891-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ பட்டம் வந்தது. பிரிட்டனில் கம்பிகளில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பிரீஸ் 1892-ல் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

லாபம் அமெரிக்காவில்

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு நெடுந்தூர லைன்கள் உயிர்ப்பிரச்சினை. அங்கே ஜார்ஜ் கேம்பல் என்ற இன்ஜினீயர் ஹெவிசைட்டைப் படித்துவிட்டு, எவ்வளவு இடைவெளியில் எப்படிப்பட்ட சுருள் போட வேண்டும் என்று கணக்கிட்டார். பாஸ்டன் நகரில் அப்படிச் சுருள் வைத்த முதல் டெலிபோன் லைன் ஓடத் தொடங்கியது 1900 மே 18. தற்செயலாக அன்று ஹெவிசைட்டுக்கு 50-வது பிறந்தநாள்.

காப்புரிமைப் போட்டியில் ஜெயித்தவர் கேம்பலும் அல்ல, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் புபின். அவருக்கு ஏடி அண்ட் டி கொடுத்தது மொத்தம் நாலரை லட்சம் டாலர். ஹெவிசைட் காப்புரிமை எடுக்கவில்லை. கட்டுரையாக எழுதி ஊருக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு காசும் வரவில்லை.

காசு தேவைப்படாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். 1894-ல் ராயல் சொசைட்டி கஷ்டப்படும் அறிஞர்களுக்கான நிதியிலிருந்து உதவ முன்வந்தபோது, தர்மப் பணம் என்று மறுத்தார். நண்பர்கள் கெஞ்சிக் கூத்தாடி, இது உழைப்புக்கான மரியாதை என்று புரியவைத்து, 1896-ல் அரசின் ஆண்டு உதவித்தொகை 120 பவுண்டை வாங்க வைத்தார்கள்.

சுருளைக் கழற்றினால்தான் நெட்

லோடிங் காயில் எனப்பட்ட இந்தச் சுருள்கள் உலகம் முழுக்கப் பரவின. நீண்ட லைன்களில் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. பேச்சுக்குத் தேவையான 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை ராஜபாட்டை. அதற்குச் சற்று மேலே போனால் கதவு சாத்தியது போல ஆகிவிடும்.

பேசுவதற்கு இது ஒரு குறையே இல்லை. டிஎஸ்எல் வந்தபோதுதான் குறையானது. ஏடிஎஸ்எல் முறையில் பேச்சு அடியில் வழக்கம்போல ஓடும். டேட்டா சுமார் 26,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை போகும். அந்தப் பரப்பை 4,312.5 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்ன வழித்தடங்களாகப் பிரித்து, எந்தத் தடம் சுத்தமாக இருக்கிறதோ அதில் அதிகமாகவும், இரைச்சல் உள்ளதில் குறைவாகவும் ஏற்றுவார்கள். மோடம் ஆன் செய்ததும் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுவது இந்தத் தடங்களைப் பரிசோதிக்கத்தான்.

லைனில் லோடிங் காயில் இருந்தால் இதில் ஒன்றும் நடக்காது. அமெரிக்காவில் டிஎஸ்எல் கொடுக்கப் போன நிறுவனங்கள் பூமிக்கடியிலும் கம்பங்களிலும் இருந்த பழைய சுருள்களைத் தேடித்தேடிக் கழற்ற வேண்டியிருந்தது. ஹெவிசைட்டின் யோசனையில் பிறந்த பொருள் தொல்லையாக மாறிவிட்டது. ஆனால் அது ஏன் தொல்லை, கழற்றினால் எவ்வளவு கிடைக்கும், எத்தனை கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும் என்று டிஎஸ்எல் இன்ஜினீயர்கள் கணக்கிட்டதும் அவருடைய நான்கு எண்களை வைத்துத்தான்.

வீட்டில் லைன் சரியில்லை என்று மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால், அட்டனுவேஷன் என்று ஒரு எண் இருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்பதன் அளவு அது. தூரம் கூடினால் எண் கூடும், வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு நன்றாக ஓடி, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இழுத்ததன் காரணம் அதுதான். இன்னொரு அறைக்கு இழுத்துவிட்டு இப்போது பயன்படுத்தாத பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரும் சிக்னலைக் கெடுக்கும். அந்தத் திறந்த முனையில் இம்பீடன்ஸ் பொருந்தாததால் அலை முட்டித் திரும்பி வரும். வேகம் குறைவு என்று புகார் சொன்னால் லைன்மேன் முதலில் அந்த ஒயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் போனுக்கும் தனி ஃபில்டர் போட வேண்டும் என்பதும் கட்டாயம். அந்த ஃபில்டரையும் ஸ்ப்ளிட்டரையும் உடைத்துப் பார்த்தால் உள்ளே சுருள்களும் மின்தேக்கிகளும்தான் இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் போனுக்கு விட்டு, டேட்டாவைத் தடுப்பது அவற்றின் வேலை.

டார்க்கி வீட்டில் கடைசி நாட்கள்

இதெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஹெவிசைட்டின் வாழ்க்கை ஒடுங்கிப்போயிருந்தது. 1889-ல் குடும்பத்தோடு தென்மேற்கு இங்கிலாந்தின் பெய்ன்டனுக்குப் போனார். அங்கே இன்னொரு அண்ணன் சார்லஸின் இசைக்கருவிக் கடை மாடியில் வாசம். அம்மா 1894-லும் அப்பா 1896-லும் இறந்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. சைக்கிள் மட்டும் பிடித்துப்போயிற்று. மேட்டில் ஏறிவிட்டு, இறக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பறப்பாராம்.

கணிதக்காரர்களோடும் சண்டை. வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சாதாரண இயற்கணிதம்போல நடத்தும் ஒரு குறுக்குவழியை அவர் கண்டுபிடித்திருந்தார். விடை சரியாக வரும், நிரூபணம் இருக்காது. 1894-ல் ராயல் சொசைட்டி அந்த வரிசையின் மூன்றாவது கட்டுரையை ஏற்கவில்லை. இன்று எலக்ட்ரிகல் மாணவர்கள் லாப்லாஸ் முறையில் போடும் கணக்குகளை அவர் அப்போதே தன் குறுக்குவழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

1908-ல் உடல்நலம் கெட்டு, டார்க்கி நகரில் அண்ணியின் சகோதரி மேரி வே வீட்டில் தங்கினார். அந்த அம்மாவை வெளியே போகவிடாமல், யாரையும் பார்க்கவிடாமல் படுத்தியெடுத்தார். மேதை என்பதற்காக அதை நியாயப்படுத்த முடியாது. எட்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வெளியேறினார். பிறகு தனிமைதான். கேஸ் கம்பெனியோடு பாக்கித் தகராறு, வீட்டில் சூடு இல்லை. கடிதங்களில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம்போல நான்கு எழுத்துகளைப் போட்டுக்கொண்டார். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் புழு என்று வரும்.

1922-ல் மின் பொறியாளர்கள் சங்கம் ஃபாரடே பதக்கத்தை ஏற்படுத்தியது. முதல் பதக்கம் அவருக்கே. லண்டனுக்குப் போய் வாங்கும் நிலையில் அவர் இல்லை. சங்கத்தின் தலைவர் ஹைஃபீல்ட் டார்க்கிக்கே பதக்கத்தோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

1925 தொடக்கத்தில் ஏணியிலிருந்து தவறி விழுந்தார். சில வாரங்களில், பிப்ரவரி 3 அன்று, 74 வயதில் உயிர் பிரிந்தது. பெய்ன்டன் கல்லறைத் தோட்டத்தில் அப்பா, அம்மாவோடு சேர்த்துப் புதைத்தார்கள்.